ஓடும்போது எரிவது ஒன்று, இடுப்பில் குறைவது இன்னொன்று

கேள்வியின் சாரம் இது. வயது 38, உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான், அதாவது 21 கி.மீ. பந்தயம். எடையும் குறையட்டும் என்று இரண்டு மாதமாகச் சோறு, இட்லி, தோசை எல்லாம் நிறுத்தியாயிற்று. முதல் பத்து நாளில் இரண்டரை கிலோ இறங்கியது, அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் 14 கி.மீ. தாண்டியதும் கால் கல்லாகிவிடுகிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கும் என்கிறார்களே, எங்கே தப்பு?

இரண்டு கணக்கை ஒரே நோட்டில் எழுதிவிட்டீர்கள், அதுதான் தப்பு. ஓடுகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எந்த எரிபொருள் எரிகிறது என்பது ஒரு கணக்கு. வாரக் கடைசியில் உடம்பிலிருந்து எவ்வளவு கொழுப்பு போயிருக்கிறது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கில் கைவைத்து இரண்டாவதைச் சரிசெய்யப் பார்த்தால், நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. கல்லீரலில் 80 முதல் 100 கிராம், தசைகளில் எல்லாம் சேர்த்து 300 முதல் 500 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்றால் மொத்தம் 1,500 முதல் 2,400 கலோரி. கொழுப்போ கிராமுக்கு 9 கலோரி. உங்கள் எடையில் பத்து கிலோ கொழுப்பு மட்டும் எடுத்துக்கொண்டாலே 90,000 கலோரி. ஓடுவதற்குக் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். 78 கிலோ ஆளுக்கு அரை மாரத்தான் ஏறக்குறைய 1,650 கலோரி. காகிதக் கணக்கில் அந்தப் பத்து கிலோவை வைத்து ஐம்பது அரை மாரத்தான் ஓடிவிடலாம்.

ஓட முடிகிறதா என்றால் இல்லை. ஊரில் பத்து ஏக்கர் நிலம் இருக்கலாம், அதைக் காட்டி பஸ்ஸில் டிக்கெட் வாங்க முடியாது. கொழுப்பு நிலம், கிளைக்கோஜன் சட்டைப்பையில் இருக்கும் ரொக்கம். கொழுப்பைக் கலோரியாக்க முதலில் கொழுப்புத் திசுவில் அது கொழுப்பு அமிலமாக உடைய வேண்டும். ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தின் மேல் ஏறித் தசைக்கு வர வேண்டும். அங்கே கார்னிடைன் என்ற சுமைதூக்கியின் உதவியோடு செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்த பிறகுதான் எரியத் தொடங்கும். தசைக்குள்ளேயே இருக்கும் கிளைக்கோஜனுக்கு இந்த அலைச்சல் இல்லை. வேகம் கூடக் கூட, சர்க்கரை வேகமாக உடைவதே கார்னிடைனை வேறு வேலைக்கு இழுத்துக்கொள்வதால், கொழுப்பு உள்ளே நுழையும் வாசல் குறுகிவிடுகிறது. போதாததற்கு, ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு மாவுச்சத்து சுமார் 5 கலோரி தரும், கொழுப்பு 4.7தான் தரும். மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடுகிறவருக்கு அந்த 6, 7 சதவீதம் சின்ன விஷயமில்லை.

அதனால் மெல்ல நடக்கும்போது பெரும்பகுதி கொழுப்பு, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஏறக்குறைய பாதிப் பாதி, 10 கி.மீ. பந்தய வேகத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து என்று பங்கு மாறிக்கொண்டே போகும். ஒன்றை அணைத்து மற்றதைப் போடுகிற சுவிட்ச் எதுவும் உள்ளே கிடையாது. இரண்டும் எப்போதும் எரிகின்றன.

‘கொழுப்பு எரியும் மண்டலம்’

ஜிம்மில் டிரெட்மில்லின் முகப்பில் ஒட்டியிருக்கும் அந்த வண்ணப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: இதயத்துடிப்பு இவ்வளவுக்குள் இருந்தால் கொழுப்பு எரியும், மேலே போனால் எரியாது என்கிற மாதிரி. அது முழுப் பொய் இல்லை, ஆனால் சதவீதத்தைக் காட்டித் தொகையை மறைக்கிறது.

உங்கள் எடைக்கே போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரம் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 135, 140 கலோரி செலவு. அதில் 60 சதவீதம் கொழுப்பு என்று வைத்தால் 9 கிராம். அதே அரை மணி மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஓடினால் 350 கலோரி. அதில் 40 சதவீதம்தான் கொழுப்பு, ஆனாலும் 15 கிராமுக்கு மேல். சதவீதம் குறைந்தது, கொழுப்பு கூடியது. நிமிடத்துக்கு அதிகமாகக் கொழுப்பு எரியும் வேகம் ஓரளவு பயிற்சி உள்ளவர்களுக்கு அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் திறனில் (உடம்பால் அதிகபட்சம் பயன்படுத்த முடிந்த ஆக்சிஜன் அளவில்) 60 முதல் 65 சதவீதம் வாக்கில் இருக்கிறது. அதற்கு மேல் தொகையும் குறையும்.

அப்படியானால் எப்போதும் அந்த வேகத்திலேயே ஓடிவிட்டால்? இங்கேதான் இரண்டாவது கணக்கு குறுக்கே வருகிறது. நீங்கள் 10 கி.மீ. மெதுவாக ஓடினீர்கள்: 780 கலோரி, பாதி கொழுப்பு, 43 கிராம். இன்னொரு நாள் அதே தூரம் வேகமாக ஓடினீர்கள்: அதே 780, கால்வாசி கொழுப்பு, 22 கிராம். 21 கிராம் நஷ்டம் என்று தோன்றும். ஆனால் வேகமாக ஓடிய அன்று கூடுதலாக 49 கிராம் கிளைக்கோஜன் செலவாகியிருக்கிறது. அன்றைய சாப்பாடு இரு நாளும் ஒன்றேயானால், அந்தப் பள்ளத்தை நிரப்பவே சாப்பிட்ட மாவுச்சத்து போய்விடும். மிச்ச நேரம் உட்காரும்போதும் தூங்கும்போதும் உடம்பு கொழுப்பை எடுத்துத்தான் சமாளிக்கும். 24 மணி நேரம் முடியும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

மெதுவான ஓட்டம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வாரத்தில் பெரும்பகுதி கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட வேண்டும். அதன் பலன் அன்றைக்குக் கரையும் கொழுப்பில் இல்லை, சில மாதங்களில் தசையில் கூடும் மைட்டோகாண்ட்ரியாவிலும் நுண் ரத்தக் குழாய்களிலும் இருக்கிறது. அவை கூடிய பிறகு அதே வேகத்தில் முன்பைவிடக் கொழுப்பு அதிகமாகவும் கிளைக்கோஜன் குறைவாகவும் செலவாகும். சட்டைப்பை ரொக்கம் அதிக தூரத்துக்கு வரும்.

அந்த இரண்டரை கிலோ எங்கே போனது?

பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரோடு சேர்ந்தே தசையில் தங்குகிறது. சோற்றை நிறுத்திவிட்டு ஓட்டத்தை நிறுத்தாமல் போனதால் 400 கிராம் கிளைக்கோஜன் இறங்கியிருந்தால், அதோடு 1,200 கிராம் தண்ணீரும் போயிருக்கும்: 1.6 கிலோ. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் அதனோடு தண்ணீரையும் வெளியே விடும். குடலில் கிடக்கும் உணவின் எடையும் குறையும். எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஒரு கிலோ கொழுப்புத் திசு என்றால் சுமார் 7,700 கலோரி. பத்து நாளில் இரண்டரை கிலோ அப்படிக் கரைய நாளொன்றுக்கு 1,900 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். கிட்டத்தட்ட பட்டினி கிடந்திருந்தால்தான் நடக்கும்.

14 கி.மீ. மர்மத்துக்கும் இதே கணக்குதான் விடை. உங்கள் வேகத்தில் மாவுச்சத்தின் பங்கு 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 78 கலோரியில் 55 கலோரி, அதாவது கிட்டத்தட்ட 14 கிராம். முழுக் கையிருப்பு 400 கிராமுக்கு மேல் இருந்தால் 21 கி.மீ.க்கு வேண்டிய 290 கிராம் தாராளம். மாவுச்சத்தைக் குறைத்து ஓடுகிறவருக்கு அது பாதியாக, 200 கிராமாக இருந்தால் 200ஐ 14ஆல் வகுத்துப் பாருங்கள். 14 கி.மீ. சொச்சம். தோராயம்தான்; ஆனால் உங்கள் கால் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: ஒரு தசையில் இருக்கும் கிளைக்கோஜனை இன்னொரு தசைக்கு அனுப்ப முடியாது. அதை ரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. கையிலும் தோளிலும் இருப்பு இருந்தாலும் தொடைக்கு உதவாது.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. 1966இல் சுவீடனில் பெர்க்ஸ்ட்ராம், ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு காலால் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. இரண்டு தொடையிலிருந்தும் ஊசியால் துளித் தசையை எடுத்துப் பார்த்தால், வேலை செய்த காலில் கிளைக்கோஜன் சும்மா இருந்த காலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. காலியான கால்தான் நிறைய வாங்கிக்கொள்கிறது. மாரத்தானுக்கு முந்தைய நாள்களில் சோறும் பாஸ்தாவும் ஏற்றும் பழக்கம் அந்த ஊசிமுனையில் தொடங்கியதுதான்.

கீட்டோ என்ன சொல்கிறது?

கீட்டோ என்பது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகமாகச் சாப்பிடும் முறை. அப்படிப் பல மாதம் இருந்தால் உடம்பு கொழுப்பை நன்றாகவே எரிக்கப் பழகும். 2016இல் வெளியான வோலெக் குழுவின் ஆய்வில், நீண்ட காலமாகக் கீட்டோவில் இருந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உச்சத்தில் நிமிடத்துக்கு 1.5 கிராம் கொழுப்பு எரித்தார்கள். மாவுச்சத்து சாப்பிட்டவர்கள் 0.7 கிராம்கூட இல்லை. இணையத்தில் காட்டப்படும் படம் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு, 2017இல், ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழு உலகத் தர வேகநடை வீரர்களை வைத்துச் செய்த ஆய்வில் மற்ற பாதி வந்தது. கீட்டோ மாதிரி கொழுப்பு அதிகம் சாப்பிட்ட கொழுப்புக் குழு அதை அள்ளி எரித்தது, ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மூன்று வாரக் கடும்பயிற்சிக்குப் பிறகு மாவுச்சத்து சாப்பிட்ட குழுக்கள் 10 கி.மீ. நேரத்தில் முன்னேறின, கொழுப்புக் குழு முன்னேறவில்லை. மாவுச்சத்தை எரிக்கும் கருவியும் பழக்கமில்லாமல் மந்தமாகிவிடுவதால், பந்தய நாளில் மட்டும் ஜெல் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்) எடுத்துச் சமாளிக்கலாம் என்பதும் முழுதாகச் செல்லாது.

100 கி.மீ.யை மெல்ல ஓடுகிறவருக்குக் கீட்டோ ஒத்துவரலாம். அரை மாரத்தானை நேரம் பார்த்து ஓடுகிறவருக்கு அது கையை முதுகில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவது.

எடைக்காவது நல்லதா? 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிலர் 20 கிலோவுக்கு மேல் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். எதை நிறுத்தினார்கள் என்பதைவிட, தாக்குப்பிடிக்கக் கூடியதை நிறுத்தினார்களா என்பதில்தான் விஷயம் இருந்தது.

வெறும் வயிற்று ஓட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இரவு முழுக்க மூளை கல்லீரல் கிளைக்கோஜனைத் தின்றுகொண்டிருக்கிறது. காலையில் அது குறைவாக இருக்கும், தசையில் இருப்பது அப்படியே இருக்கும். அதனால் ஒரு காபியோடு 45, 60 நிமிடம் மெல்ல ஓடுவதில் கேடு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் கொழுப்பு சற்றே அதிகமாக எரியும், நாள் முடிவில் சரியாகிவிடும். 2014இல் ஷோன்ஃபெல்ட் குழு 20 இளம்பெண்களை நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று மணி நேரம் பயிற்சி செய்யவைத்தது. பாதிப் பேர் வெறும் வயிற்றில், பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு. இரு குழுவிலும் உணவு அளவோடுதான். எடை இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. காலையில் சாப்பிட்டால் வயிறு பிடிக்கும் என்பவர் வெறும் வயிற்றில் ஓடட்டும். கரைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டாம். வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வலும் 75 நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டமும் வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

எங்கே குறைப்பது

உங்கள் வயது, உயரம், எடைக்குச் சும்மா இருந்தாலே நாளைக்கு 1,670 கலோரி வாக்கில் செலவு, உட்கார்ந்து செய்யும் வேலையைச் சேர்த்தால் 2,300 சொச்சம், ஓட்டம் தனி. நாளுக்குச் சராசரி 350, 400 கலோரி பற்றாக்குறை வைத்தால் மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ இறங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அரை மாரத்தான் பயிற்சி தாங்காது. அவசரமாக எடை குறைய வேண்டுமானால் பந்தயம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம். செவ்வாய் இன்டர்வல், புதன் மெதுவோட்டம், வெள்ளி மெதுவோட்டம், ஞாயிறு நீள ஓட்டம் என்று வைத்தால், ஓடாத மூன்று நாளும் மெதுவோட்ட நாளும் குறைக்க ஏற்றவை. அந்த நாள்களில் மாவுச்சத்து கிலோ எடைக்கு 3 கிராம், அதாவது 235 கிராம் போதும். காலை மூன்று இட்லி, மதியம் 200 கிராம் சோறு, மாலை ஒரு கிண்ணம் சுண்டல், இரவு இரண்டு சப்பாத்தி, ஒரு பழம், சாம்பாரும் கூட்டும் காபியும் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட அதுதான். சோறே கூடாது என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஞாயிறும் அதற்கு முந்தைய சனி மாலையும், செவ்வாயும் அதற்கு முந்தைய இரவும் கையைத் தாராளமாக விடுங்கள்: கிலோவுக்கு 5, 6 கிராம், உங்களுக்கு 390 முதல் 470. நீள ஓட்டத்தன்று செலவு எக்கச்சக்கம் என்பதால் இவ்வளவு சாப்பிட்டும் பற்றாக்குறை தானாகவே விழும்.

கலோரி உண்மையில் ஒளிந்திருப்பது சோற்றுப் பானையில் இல்லை, எண்ணெய்த் தூக்கில். நால்வர் வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் வாங்கினால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, 270 கலோரி. அதை இரண்டரை லிட்டராக இறக்கினால் யாரும் எந்தத் தட்டையும் நிறுத்தாமலே ஆளுக்கு 100 கலோரி குறையும். தாளிக்கும்போது கரண்டியால் அளக்க வேண்டாம். மாத முதல் தேதி எத்தனை பாக்கெட் வருகிறது என்று பார்த்தாலே போதும்.

அடுத்தது ஓட்டம் முடிந்த பிறகு போகும் டிபன் கடை. ஞாயிறு விடியலில் கடற்கரைச் சாலையில் ஓடும் குழுக்கள் எல்லாம் ஏழரை மணிக்குச் சங்கமிக்கும் இடம் அதுதான். ஒரு தட்டு வெண்பொங்கல் 400, இரண்டு மெதுவடை 200க்கு மேல், இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபி 80, 100: மொத்தம் 700 கலோரி. 10 கி.மீ. ஓடியதில் உங்களுக்கு உண்மையில் கிடைத்த கூடுதல் செலவும், சும்மா இருந்தாலும் செலவாகியிருப்பதைக் கழித்தால், அதே 700தான். கையில் கட்டிய வாட்ச் பெரும்பாலும் அதைக் கழிக்காமல், சில நேரம் கூட்டியும் காட்டும். வாட்ச் சொன்ன கலோரியைச் சாப்பிட்டு ஈடுகட்டுகிறவருக்கு எடை இறங்காததில் ஆச்சரியம் இல்லை. பொங்கல் சாப்பிடுங்கள், 18 கி.மீ. ஓடிய அன்று சாப்பிடுங்கள், 5 கி.மீ. ஓடிய அன்று வேண்டாம்.

புரதம்தான் நம் தட்டில் பலவீனமான மூலை. பற்றாக்குறையில் இருக்கும்போது கரைவது கொழுப்பாக மட்டும் இருக்க வேண்டுமானால் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும். உங்களுக்கு 95 முதல் 125. ஒரு முட்டையில் 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30, மீனில் 20 சொச்சம், பனீர் 100 கிராமில் 18, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26. சாம்பாரை மட்டும் நம்பினால் 50 கிராமைத் தாண்டுவதே பாடு.

எடை பார்ப்பது தினமும் காலைக்கடன் முடிந்ததும். ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நீள ஓட்டத்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டினால் அது திரும்ப நிரம்பிய கிளைக்கோஜனும், நொந்த தசை பிடித்துவைத்த நீரும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் ஓடும்போது ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். குளுக்கோஸ் கையில் இல்லாமல் வெளியே கிளம்பக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென வெட்டினால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோ அமிலம் ஏறி ஆபத்தாகலாம்; மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் அதை ‘உடம்பு ஃபிட் ஆகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. அடுத்து எலும்பில் விரிசல் வரலாம்.

பந்தய வாரம்

முந்தைய நாள் கிலோவுக்கு 6, 7 கிராம் மாவுச்சத்து. முழு மாரத்தானுக்குச் சொல்லப்படும் 10, 12 கிராம் இதற்குத் தேவையில்லை. 500 கிராம் மாவுச்சத்தைச் சோற்றிலேயே எடுக்கப் பார்த்தால் 1,800 கிராம் சோறு, வயிறு வெடித்துவிடும். இட்லி, வெறும் சோறு, வாழைப்பழம், ஜாம் தடவிய ரொட்டி, பழச்சாறு, கொஞ்சம் இனிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மதியமே பெரிய சாப்பாடு, இரவு ஏழு மணிக்குள் சின்னச் சாப்பாடு. கீரை, கொண்டைக்கடலை, பிரியாணி அன்று வேண்டாம்: நார் வயிற்றைக் கலக்கும், கொழுப்பு செரிக்க நேரமாகும். மறுநாள் காலை தராசு ஒரு கிலோ கூடக் காட்டும். பதறாதீர்கள், அதுதான் நீங்கள் ஏற்றிய சரக்கு.

காலையில் தொடக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நான்கு இட்லியைச் சர்க்கரை தொட்டு, கூட ஒரு வாழைப்பழம்: 70 கிராம் வாக்கில் வரும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். தொடக்கத்துக்கு 30, 45 நிமிடம் முன்பு இனிப்பு எதையும் தொடாதீர்கள். இன்சுலின் ஏறி, ஓடத் தொடங்கும்போது சிலருக்குச் சர்க்கரை சரிந்து தலை கிறுகிறுக்கும். வேண்டுமானால் கோட்டில் நிற்கும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில்.

இரண்டே கால் மணி நேரம் ஓடப்போகிறவருக்கு மணிக்கு 30 முதல் 45 கிராம் போதும். 25 கிராம் உள்ள ஜெல் ஒன்று 40ஆவது நிமிடம், அடுத்தது 70, அடுத்தது 100. களைத்த பிறகு எடுக்கலாம் என்று வைத்திருப்பவர் ஜெல்லை வீட்டுக்குத்தான் கொண்டுபோவார். குடலைக் கடந்து தசைக்கு வர நேரம் வேண்டும். ஜெல்லுக்குப் பிறகு நான்கு மடக்கு வெறும் தண்ணீர். மேலே இனிப்புப் பானம் குடித்தால் வயிற்றில் கரைசல் கெட்டியாகிக் குமட்டும். ஜெல் பிடிக்காதென்றால் கொட்டை நீக்கிய நான்கு சின்னப் பேரீச்சை ஏறக்குறைய அதே அளவு. இல்லையெனில் ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. சாதாரணச் சர்க்கரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி. குடலில் இரண்டுக்கும் தனித்தனி வாசல் என்பதால் நெரிசல் குறைவு. ஓஆர்எஸ் பொட்டலத்தை எரிபொருள் என்று நம்ப வேண்டாம். உலகச் சுகாதார நிறுவன அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அது வயிற்றுப்போக்குக்குச் செய்தது. இளநீரிலும் ஒரு காய்க்குப் பத்துப் பன்னிரண்டு கிராம்தான், சோடியம் மிகக் குறைவு. எதை எடுப்பதானாலும் குறைந்தது நான்கு ஞாயிறு பயிற்சியில் எடுத்துப் பாருங்கள். குடலுக்கும் பயிற்சி உண்டு.

சென்னையில் ஜனவரி விடியலிலும் காற்றில் ஈரம் இருக்கும். வெப்பத்தில் அதே வேகத்துக்கு இதயத்துடிப்பும் கிளைக்கோஜன் செலவும் கூடும். முதல் 5 கி.மீ.யை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி மெதுவாக ஓடுங்கள். தொடக்கக் கூட்டத்தின் உற்சாகத்தில் எரித்த கிளைக்கோஜனுக்குத்தான் 17ஆவது கி.மீ.யில் வட்டி கட்ட வேண்டிவரும். தாகத்துக்குக் குடியுங்கள், ஒவ்வொரு மேசையிலும் நின்று வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது நீரிழப்பைவிட மோசம்.

18 கி.மீ.க்குப் பிறகு விழுங்குவது எதுவும் கோட்டைத் தொடுவதற்குள் காலுக்குப் பெரிதாகப் போய்ச் சேராது. ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினாலே ஒரு மணி நேர வேகப் பந்தயத்தில் சைக்கிள் வீரர்களின் நேரம் குறைந்ததை 2004இல் இங்கிலாந்தில் செய்த சோதனை காட்டியது. வாயில் இருக்கும் உணர்விகள் மூளைக்குச் ‘சாப்பாடு வருகிறது’ என்று சொல்லிவிடுகின்றன. கடைசி மூன்று கிலோமீட்டரில் வயிறு ஏற்க மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு மடக்கு எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓடிக்கொண்டே இருங்கள்.